அகழியில் விட்ட பூ

டுசல்டோர்ஃபுக்கு வெளியே பழைய மாளிகை ஒன்று. அதைச் சுற்றி அகழி நிறையத் தண்ணீர். காலமான என் மூத்த அண்ணையின் முப்பத்தோராம் நாள் கிரியையில் வைத்த பூவையும் தர்ப்பையையும் ஐயர் நேற்று என்னிடம் தந்து, ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார். ரைன் நதிக்கரையில் கார் விட இடம் தேடி அலைய வேண்டுமே என்று நினைத்து, வழியில் கண்ட இந்த இடத்திலேயே மனைவியோடு இறங்குகிறேன். சிவசிவா என்று சொல்லிப் பூவையும் தர்ப்பையையும் விடுகிறேன்.

பூ நகரவில்லை. வாத்துகளுக்கு நடுவே, விட்ட இடத்திலேயே நிற்கிறது.

நீண்ட தடியில் கட்டிய வலையால் இலை அள்ளும் தோட்டக்காரரிடம், இது எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்கிறேன். அவர் சிரிக்கிறார்.

“முந்தி ஓடினதுதான். எதிரி கிட்ட வரக்கூடாதெண்டு ஓடை ஒன்றைத் திருப்பி இதுக்குள்ள விட்டவை. சண்டைக்காலம் முடிய, அந்த ஓடையை வயலுக்கு வெட்டிக்கொண்டு போயிட்டினம். இப்ப வெறும் மழைத்தண்ணி. எங்கேயும் போகாது.”

என் மனைவிக்குக் கண் கலங்குகிறது. “நான் அப்பவே ரைனுக்குப் போவமெண்டு சொன்னனான். உங்களுக்குக் கார் நிக்கிற இடம்தான் பெரிசு!”

எடுத்துத் தரட்டுமா என்று தோட்டக்காரர் கேட்கிறார். ஓம் என்று தலையாட்டுகிறேன். வலையில் பாசியோடு பூ கரைக்கு வருகிறது. முருகா, போக வெளிக்கிட்ட அண்ணையை நானே திரும்ப இழுத்துக் கரையில் போட்டுவிட்டேன்.