வைக்கோல் தின்ற நாற்பத்தொன்று

மருதையனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நான் எழுதாவிட்டால் வேறு எவன் எழுதப்போகிறான்? நான் ஜாஃபர் சாதிக். திருத்துறைப்பூண்டியில் முட்டை வியாபாரம். இருபது வருஷமாக அவனிடம் வாத்து முட்டை வாங்கினேன். நல்ல பெரிய முட்டையைக் குஞ்சு பொரிக்க மற்ற வாத்துக்காரர்களுக்கு அடைக்கு அனுப்புவேன், மீதி தின்னப் போகும். அந்த மனுஷனை என்னைவிட அதிகமாகத் திட்டியவனும் இந்த வட்டாரத்தில் கிடையாது.

ஆள் ஒல்லி. முழங்காலுக்குக் கீழே எந்நேரமும் சேறு. அறுநூறு வாத்து இருந்தது, அதைத் தவிர உலகத்தில் அவனுக்கென்று ஒன்றும் இல்லை. அறுப்பு முடிந்த வயல் எங்கே என்று விசாரித்துக்கொண்டே நடப்பான். வலையைக் கட்டிக் கிடை போடுவான். சிந்திய நெல்லை வாத்து பொறுக்கும், எச்சம் வயலுக்கு உரம். பெண்டாட்டி செத்த மூன்றாம் நாளே கிடைக்குத் திரும்பிவிட்டான். "ஏன்யா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கத்தினேன். "அதுங்களுக்கு வேற யாரு பாய் இருக்கா?" என்றான்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம். கிடை போட்ட நிலத்துக்காரர் வீட்டுக்கு முதல் நாள் முட்டையில் பத்து போய்ச் சேர வேண்டும். அந்த வீட்டில் அதை அடை வைத்தால், பொரிந்த குஞ்சில் பாதி கிடைக்குத் திரும்பி வர வேண்டும். மீறினால் வாத்துக்குச் சீக்கு வரும் என்று நம்பினான்.

மூன்று வருஷத்துக்கு முன், கோடையில், ஓர் ஆராய்ச்சி நிறுவனம் மங்களாம்பிகை அம்மாளின் வயலில் கொஞ்சம் இடம் பிடித்தது. அம்மாளின் கணவர் சிங்கப்பூரில், நிலத்தை இவர்தான் பார்க்கிறார். சுற்றிக் கம்பி வலை அடித்து நூறு வாத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். பார்த்துக்கொள்ள மருதையனைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவன் தன் கிடையைப் பக்கத்து வயலிலேயே போட்டுக்கொண்டான். பொறுப்பு எழில்மொழி என்ற விஞ்ஞானிக்கு. நல்ல பொண்ணு, பொய் சொல்லக் கூடாது.

"சாதாரண வாத்துக்கு வைக்கோல் செரிக்காதுங்க. இதுங்களுக்கு மரபணுவுலயே ஒரு மாத்தம் பண்ணியிருக்கோம். நாரைக் கரைக்கிற நொதி இதுங்க குடல்லயே சுரக்கும். தீனிச் செலவு மிச்சம், வைக்கோலை யாரும் கொளுத்தவும் வேண்டாம்" என்று எங்களுக்கு விளக்கினார். ஒரு முட்டைகூட வேலியைத் தாண்டக் கூடாது, தினமும் காலையில் உடைத்துச் சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும் என்றார். மருதையன் தலையாட்டினான்.

வாத்து மேய்ந்தால் காது கிழியும். இவை சத்தமே போடவில்லை. நறுக்கிப்போட்ட வைக்கோலைத் தலை தூக்காமல் விழுங்கிக்கொண்டே இருந்தன. "யா அல்லா, இதுங்களுக்குப் பசியே அடங்காதாய்யா?" என்றேன்.

முதல் நாளே அவன், முறை தவறக் கூடாதென்று, அந்த நூறு வாத்தின் முட்டையில் பத்தைத் துண்டில் முடிந்து மங்களாம்பிகை அம்மாளிடம் கொடுத்துவிட்டான். தின்றுவிடுவார் என்று நினைத்தானாம். அவர் வீட்டுக் கோழி அடைக்குப் படுத்திருந்த நேரம், பத்தையும் அதன் கீழே வைத்துவிட்டார். எட்டு பொரிந்தது. தன் பங்கு நாலை வளர்த்துத் தீபாவளிக்கு அறுத்தார். மற்ற நாலையும் முறைப்படி மருதையனிடம் கொடுத்தார். அந்தக் குஞ்சுகளைக் கொல்ல அவனுக்குக் கை வரவில்லை. நாலுதானே என்று கிடையில் விட்டான். அதற்குள் நிறுவனத்தார் நூறு வாத்தையும் எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன ஐப்பசியில் வந்தது வினை. அம்மாள் இயற்கை விவசாயம் செய்கிறவர். நட்ட வயலில் நத்தையும் களையும் தின்னட்டும் என்று வருஷாவருஷம் மருதையனின் வாத்தை இறக்கச் சொல்வார். நெற்பயிரை வாத்து தொடாது, டெல்டாவில் எவனைக் கேட்டாலும் சொல்வான். இந்த முறை இறக்கிய அன்று மதியமே வாய்க்காலை ஒட்டிய பக்கம் பயிரே இல்லை. சேறு மட்டும் கிடந்தது.

"என்ன மருதையா இது, மாடு எறங்கிடுச்சா?"

"மாடுதாம்மா" என்று சொல்லிவிட்டு நேரே என் கடைக்கு ஓடிவந்தான். அந்த நாலு குஞ்சின் வாரிசுகள்தான் பயிரைத் தின்றன என்று முழுக்கதையையும் அன்றுதான் சொன்னான். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

"வெளிய தெரிஞ்சா அறுநூத்தையும் கொன்னுடுவாங்க பாய். எதுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் ஒதுக்கிடுறேன்."

பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. அதனால் அவன் ஒரு வழி பிடித்தான். மொத்தத்தையும் வலைக்குள் அடைத்து, ஐந்து நாள் தண்ணீரும் நறுக்கிய வைக்கோலும் மட்டும் போட்டான். பச்சைப் பாவம்தான். இரண்டாம் நாள் முழுக்க நெல்லுக்குக் கத்தின. மூன்றாம் நாள் சில விழுந்தன. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே வைக்கோல் நறுக்கினான்.

ஐந்தாம் நாள் காலையில் இருவரும் வலையோரம் நின்றோம். கழுத்து தொங்கிப்போய் வாத்துகள் படுத்துக் கிடந்தன. அவற்றின் நடுவே சில மட்டும் கொழுகொழுவென்று சத்தமில்லாமல் நடந்து, வைக்கோலை விழுங்கிக்கொண்டிருந்தன. மருதையன் எண்ணினான். நாற்பத்தொன்று. பாதிக்கு மேல் அவன் போன வருஷம் பொரித்த குஞ்சுகள்.

"நாப்பத்தொண்ணையும் அறுத்துப் புதைச்சிடு. மத்ததுக்கு நெல்லைப் போடு. வாயைத் தொறக்காதே" என்றேன்.

"எத்தனை மாசமா முட்டை விட்டுக்கிட்டிருக்கோ பாய். வேற கிடையிலயும் பொரிஞ்சிருந்தா?"

"எவன் வயலோ போனா உனக்கென்னய்யா?"

"வயலு போனா வாத்து எங்க பாய் மேயும்?" என்று கேட்டுவிட்டு, என் போனை வாங்கி அவனே எழில்மொழியைக் கூப்பிட்டான்.

மறுநாள் காலை இரண்டு வேன் வந்தது. வெள்ளை உடுப்பு ஆட்கள் இறங்கினார்கள், இயந்திரம் குழி தோண்டியது. சந்தேகமே வேண்டாம், எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றார்கள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" என்று எழில்மொழி கண் கலங்கினார். வேற்று ஆளைக் கண்டு வாத்து மிரண்டது. மருதையன்தான் முன்னால் போய்ப் "பா... பா..." என்று கூப்பிட்டான். தீனி வருகிறது என்று எல்லாம் தட்டுத் தடுமாறி எழுந்து அவன் பின்னால் குழி வரைக்கும் நடந்தன. என் வாழ்நாளில் அப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை.

பிறகு எழில்மொழி என்னிடம் வந்தார். "பாய், இவர்கிட்ட வாங்கின முட்டை அடைக்கு எங்கயாவது போச்சாங்க?"

அடைக்கு முட்டை வாங்கியது குடவாசலில் நாலு கிடை. திருப்பனந்தாளில் இரண்டு. சொன்னால் அங்கேயும் வேன் போகும், வாத்துக்காரர்கள் என் தோலை உரிப்பார்கள், கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பயம். வெறும் பயம்.

"எல்லாம் திங்கத்தான் போச்சு மேடம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

போன வாரம் குடவாசல்காரன் போன் செய்தான். தீனியே வைக்காமல் சில வாத்து கொழுக்கிறதாம். அந்த முட்டையிலேயே இன்னும் வேண்டும் என்கிறான்.

மருதையன் இப்போது ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறான். வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வருவான். நேற்றும் வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"என் கிடையோட முடிஞ்சுதுல்ல பாய்?"

"முடிஞ்சுதுய்யா. டீயக் குடி" என்றேன்.