அம்மை போட்ட கோச்

"எங்க போனாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறவன் இந்தப் பார்த்திபன்! நைசா நழுவுறது, கம்பி நீட்றது, இதெல்லாம் நம்ம ரத்தத்துலயே கெடையாது!"

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த உரை கும்மிடிப்பூண்டியில், ஒரு பொங்கல் கோப்பைப் பரிசளிப்பு மேடையில் நிகழ்த்தப்பட்டது. தோற்ற அணியின் கோச், இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊர் டீமுக்குப் போய்விட்டிருந்தார். அந்த ஆளுக்கு ஒரு குத்து குத்தத்தான் ஜெயித்த அணியின் கோச் பார்த்திபன் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகும் பேச்சு கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திட்டிப் பழகிய தொண்டை அது.

புதுவாயலுக்கு மேற்கே கொஞ்சம் கழனி வைத்துப் பயிர் செய்யும் குடும்பம் பார்த்திபனுடையது. நெல் நட்டதுபோக மிச்சமிருந்த நேரத்தில் அவர் ஒரு கால்பந்து அணியை நட்டார். ஆட்களெல்லாம் சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பையன்கள். கேப்டன் மணிகண்டன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கோல்கீப்பர் அன்புசெல்வன், இரும்புக் கம்பெனியில் உலை பக்கம் நிற்கிறவன்; பந்தைக் கண்டு பயப்பட அவனுக்குக் காரணமே இல்லை. ஷிப்டு முடிந்த கண்ணெரிச்சலோடு வரும் இவர்களை வைத்துக்கொண்டு பார்த்திபன் வருஷா வருஷம் கோப்பை தூக்கினார். கோப்பைகள் அவர் வீட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் மூட்டையாகவே இருந்தன.

அணியில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பிராக்டீசுக்கு வர முடியாவிட்டால் நேரில் வந்து சொல்ல வேண்டும். போன் செல்லாது. "போன்ல சொல்றவன் பொய் சொல்றவன்டா" என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. எனவே ஜுரத்தில் கிடந்தவன் ஆட்டோ பிடித்து வந்து ஜுரம் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்புசெல்வன் தன் கல்யாணத்தன்று காலையில் பட்டு வேட்டியோடு மைதானத்துக்கு வந்து நின்றான்.

"அண்ணா, இன்னிக்கு எனக்குக் கல்யாணம். பிராக்டீசுக்கு வர முடியாது."

"முகூர்த்தம் எப்போ?"

"ஒம்போது மணிக்குண்ணா."

"இப்ப ஆறுதான ஆவுது? ஒரு ரவுண்டு ஓடிட்டுப் போ."

ஓடிவிட்டுத்தான் போனான். தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியதைப் பெண் வீட்டார் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் ஆனி மாசக் கடைசியில் திருவள்ளூர் பக்கமிருந்து ஒரு வேலை வந்தது. பெரிய தனியார் பள்ளிக்கூடம். கால்பந்து கோச் திடீரென்று நின்றுவிட்டாராம். மாசச் சம்பளம், பி.எஃப்., மகள் ரம்யாவுக்கு ஃபீஸ் இல்லாமல் சீட்டு. பார்த்திபன் யோசிப்பதற்குள் மனைவி ஈஸ்வரி யோசித்து முடித்துவிட்டாள்.

"இதுல இன்னாயா யோசன? ஆடி பொறக்கறதுக்குள்ள போய் சேந்துடு. ஆடில சேந்தா வெளங்காது."

"பசங்க கிட்ட சொல்லணும்டி."

"சொல்லேன். வாய்தான் ஊரு பூரா கேக்குதே உனக்கு."

சொல்லத்தான் போனார். வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, தொண்டையைக் கனைத்து, "பசங்களா" என்று தொடங்கினார். உடனே மணிகண்டன் எழுந்து நின்று, தானும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றான். ஆடிக் கடைசியில் வரும் மாவட்டப் போட்டிக்காக எல்லாரும் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மாசம் முழுக்க நைட் ஷிப்டு வாங்கிவிட்டார்களாம். காலையில் வேலை முடிந்து நேராக மைதானம், தூக்கமெல்லாம் அப்புறம். "நீ இன்னா சொல்ல வந்தண்ணா?" என்று கேட்டான். பார்த்திபன் வானத்தைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் நெறைய தண்ணி குடிங்கடா" என்றார்.

சனிக்கிழமை டீக்கடையில் அன்புசெல்வனிடமாவது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது, வடை வந்தது, வார்த்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரே தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை விடிந்துவிட்டது. புதுப் பேன்ட், புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அண்ணா, மணி பேசறேன். எல்லாரும் கிரவுண்டுல நின்னுகினு இருக்கோம். இன்னும் காணோமே?"

"மணி..." என்றார். "மூஞ்சிக்கு நேரா" என்ற சொற்கள் எங்கிருந்தோ வந்து நெஞ்சில் முட்டின. ஆனால் வாய் தன்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தது. "எனக்கு அம்மை போட்டுக்குதுடா."

இது சாமானியமான பொய் இல்லை. வயிற்றுவலி என்றால் பார்க்க வருவார்கள். சாவு என்றால் மாலையோடு வருவார்கள். அம்மை கண்ட வீட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள். வாசலில் வேப்பிலையைக் கண்டதும் தெருவே ஒதுங்கிப் போகும். ஏன், எப்படி, எப்போது என்று யாரும் தோண்டிக் கேட்கவும் மாட்டார்கள். மூன்று நாள் யோசித்தும் கிடைக்காத வழி, ஒரு நொடியில் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்ததில் பார்த்திபனுக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஈஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யோவ், அம்மாவ வெச்சாய்யா பொய் சொல்லுவ? நெஜமாவே அவ வந்து உக்காந்துட்டா இன்னா பண்ணுவ?"

"ரெண்டு நாளுடி. அப்பறம் நேர்ல போயி பக்குவமா சொல்லிடறேன்."

"வேப்பிலைய நீயே கட்டிக்கோ. என் கையால கட்ட மாட்டேன்."

அவரே கட்டினார். கட்டும்போது முடிச்சு நழுவி ஒரு கொத்து தலையில் விழுந்தது. அதை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள முயன்றார்.

அன்று முதல் கோச் பார்த்திபன் தன் வீட்டிலேயே திருடன்போல வாழ்ந்தார். விடிவதற்கு முன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வரப்பில் நடந்து, தெரிந்தவர் ஒருவரின் ரைஸ் மில்லில் விட்டு வைத்திருந்த தன் வண்டியை எடுத்துக்கொண்டு, பெரியபாளையத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஆரணிக்குப் போவார். அங்கிருந்து பள்ளிக்கூட வேன். இருட்டிய பிறகு அதே வரப்பு.

வீட்டில் தாளிக்க முடியாது. அம்மை வீட்டிலிருந்து கடுகு வெடிக்கும் வாசனை வந்தால் தெரு என்ன நினைக்கும்? மீன் வறுக்க முடியாது. ரம்யா தட்டைப் பார்த்துவிட்டு, "நைனா, உனக்கு எப்ப எறங்கும்?" என்று தினமும் கேட்டாள். ஈஸ்வரி தயிரை ஊற்றினாள்.

ஆனால் பையன்கள் செய்த கொடுமைதான் பெரிது. அவர்கள் வருத்தப்பட்டார்கள். நைட் ஷிப்டு முடிந்து, மைதானத்துக்குப் போகும் வழியில், வாசலுக்கு எட்டத் தெருவிலேயே நின்று ஒருத்தன் குரல் கொடுப்பான்: "அண்ணி, எளநீ வெச்சிக்கிறோம்!" இன்னொரு நாள் கம்பங்கூழ். இன்னொரு நாள் நீர்மோர். திண்டாடிப்போய் ஈஸ்வரி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தாள். பிரியாணிக்காகவே கால்பந்து ஆடுகிறான் என்று பேர் எடுத்த அன்புசெல்வன், அண்ணனுக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றும் வரை கவுச்சி தொடுவதில்லை என்று சொல்லிவிட்டானாம். மொத்த டீமும் சேர்ந்துகொண்டதாம். இதைக் கேட்ட ராத்திரி பார்த்திபன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை.

"சொல்லித் தொலையேன்யா" என்றாள் ஈஸ்வரி.

"சொல்றேன். அம்மை போடலன்னு மொதல்ல சொல்லணும். அப்பறம் வேலையச் சொல்லணும். ஒன்னா இருந்தது ரெண்டாயிடுச்சிடி."

"ரெண்டு பொண்டாட்டி கட்னவன்கூட இவ்ளோ பேஜாரு படமாட்டான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டி. புது கோச்சுக்குப் புதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். பளபளவென்று நீலம், முதுகில் பள்ளியின் பேர் கடை போர்டு அளவுக்கு. அதை மாட்டிக்கொண்டு வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். ஆடி ஞாயிறில் பெரியபாளையம் வழியாக வேன் போவது எப்படிப்பட்ட காரியம் என்பதை டிரைவர் உட்பட யாருமே யோசிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே வேன் நின்றுவிட்டது. ஆடு, கோழி, பொங்கல் பானை, மொட்டைத் தலைகள், வேப்பிலை கட்டி வலம் வருகிற கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஈரத் துணியோடு, இடுப்பிலும் தோளிலும் வேப்பிலைக் கொத்துகள் கட்டிக்கொண்டு மணிகண்டன் வந்தான். பின்னாலேயே அன்புசெல்வன். அவனுக்குப் பின்னால் டிஃபன்ஸ், மிட்ஃபீல்டு என்று வரிசை தவறாமல் மொத்த அணியும். மைதானத்தில் என்றைக்காவது இந்த ஒழுங்கில் நின்றிருந்தால் கோச்சுக்கு எவ்வளவு தொண்டை மிச்சமாகியிருக்கும்! நைட் ஷிப்டு பார்த்த கண்கள் சிவந்து கிடந்தன. யாருக்காக இந்த வேண்டுதல் என்று பார்த்திபன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலை மூடப் பார்த்தார். கண்ணாடி இறுகிக் கிடந்தது. இழுத்த சத்தத்தில் மணிகண்டன் திரும்பினான்.

பார்த்தான். முகத்தைப் பார்த்தான், நீலச் சட்டையைப் பார்த்தான், வேன் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தான். ஆளைத் தப்பாக நினைத்துக்கொள்ள வழியே இல்லை. பார்த்திபன் முகத்தில் ஒரு பருகூட இல்லை. பின்னால் வந்தவர்கள் முட்டியதும் மணிகண்டன் கும்பிட்ட கையை இறக்காமல் முன்னால் பார்த்து நடந்தான். மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுற்றை முடிக்கத்தான் போனான்.

அன்று பள்ளி அணி ஜெயித்தது. புது கோச்சைக் கை குலுக்கிப் பாராட்டினார்கள். அந்தக் கையை அவர் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

இருட்டியதும் அவர் வீட்டுக்கு வந்து, முகமே மறையும்படி மஞ்சள் பூசி, கழுத்து வரை போர்த்திப் படுத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. இந்த முறை உள்ளேயே வந்துவிட்டார்கள். அம்மன் குங்குமமும் தீர்த்தமும் கொண்டு வந்திருந்தார்கள். அதைத் தெருவில் வைக்க முடியாதல்லவா?

அன்புசெல்வன் கண் கலங்கிவிட்டான். "ரொம்ப எளச்சிட்டண்ணா."

இளைத்தது உண்மைதான். தாளிக்காத குழம்பில் யார்தான் இளைக்க மாட்டார்கள்?

மணிகண்டன் குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தான். விரல் நெற்றியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பார்த்திபனுக்கு இதுதான் சமயம் என்று தெரிந்தது. போர்வையை விலக்கி உட்காரப் போனார்.

"மணி... உன்னாண்ட ஒன்னு சொல்லணும்டா. எல்லார் கிட்டயும்தான்."

"நீ ஒன்னியும் சொல்லாதண்ணா" என்றான் மணிகண்டன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பார்த்திபனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். "அம்மை ஊட்ல ரொம்பப் பேச்சு குடுக்கக்கூடாது. நீ ஒடம்பப் பாத்துக்கோ. இனிமே டீம நாங்க பாத்துக்கறோம்."

"மேட்ச்சுக்குள்ள எறங்கிடும்ணா" என்றான் விஷயம் தெரியாத அன்புசெல்வன். "அதான் வேண்டிக்கினு சுத்திட்டோமே."

மணிகண்டன் எழுந்தான். எல்லாரும் எழுந்தார்கள். அம்மை வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது வழக்கம். ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய மணிகண்டன், வாசலில் காய்ந்து தொங்கிய வேப்பிலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த புதுக் கொத்தைக் கட்டிவிட்டுப் போனான்.

"அவனுக்குத் தெரியும்டி" என்றார் பார்த்திபன்.

"தெரிஞ்சா இன்னா? மத்தவங்களுக்கு நீ சொல்லு" என்றாள் ஈஸ்வரி. "உன் வாயால சொல்லு. அந்தப் புள்ள தலையில ஏத்தாத."

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து குளித்தார். மஞ்சளைத் தேய்த்துக் கழுவினார். துண்டு வேண்டாம், பின்பக்கம் வேண்டாம் என்று முடிவு செய்து, ரைஸ் மில்லுக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே விட்டார். ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பையன்கள் அடித்தால் அடி வாங்கிக்கொள்ள வேண்டும். மைதானத்து ஓரத்துப் புளியமரம் வந்ததும் வண்டியை நிறுத்தினார்.

ஞாயிறு ராத்திரி ஷிப்டு இல்லாததால், விடியல் மங்கலிலேயே அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடியை நோக்கி, இவருக்கு முதுகைக் காட்டியபடி. மணிகண்டன் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "டேய் அன்பு, கோல்கீப்பர்னா ஓடக்கூடாதுன்னு எவன்டா சொன்னான்? கால எடுத்து வைடா, கல்யாண மாப்ள!" ஒவ்வொரு வசவும் பார்த்திபன் வாயிலிருந்து அவன் கற்றது. யாரோ சிரித்தார்கள். அன்புசெல்வன் வேகம் பிடித்தான்.

கோடியைத் தொட்டதும் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புவார்கள். பார்த்திபன் ஒரு அடி முன்னால் வைத்தார். வாயைத் திறந்தார். தொண்டையில் எல்லாம் தயாராக இருந்தது.

முன்னால் ஓடியவன் கோடியை நெருங்கினான்.

பார்த்திபன் வண்டியின் ஹேண்டில்பாரைத் திருப்பினார். ஸ்டார்ட் செய்தால் சத்தம் கேட்கும். ஸ்டாண்டைக்கூடக் காலால் தட்டாமல் கையால் மெல்ல மடக்கிவிட்டு, மரத்து நிழலோடு நிழலாக, ஆரணி ரோடு வரை தள்ளிக்கொண்டே போனார்.