அவர் இருக்கிறார்தானே

ஜப்பானுக்குப் போய் வந்தீர்களாமே, எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்பவர்கள் பொன் பூசிய கோயிலைப் பற்றியும் சிவப்பு வாசல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்கு நினைவு வருவதோ ஒரு ஹோட்டல் குளியலறை. அங்கே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருக்கிறார் என் கணவர்.

அவர் இன்டர்லாக்கனில், பனிமலைகளைப் பார்க்க உலகமே வந்து போகும் எங்கள் ஊரில், ஒரு ஹோட்டலில் சமையல்காரர். பாத்திரம் கழுவப் போனவர், பிறகு மரக்கறி வெட்டி, பிறகு சூப் வைத்து, இருபத்தாறு வருடத்தை அந்த அடுப்படியிலேயே கழித்துவிட்டார். ஜப்பானியர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். தட்டுகளை வைத்து அனுப்பும் சின்ன யன்னல் வழியாகத்தான் அவர் அவர்களைப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு தடவை ஒரு வயதான கணவனும் மனைவியும் இந்த சூப்பை வைத்தவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு அவரை மேசைக்கு அழைத்தார்கள். இவர் ஏப்ரனோடு போய் நின்றார். அந்த அம்மா எழுந்து குனிந்து வணங்கிவிட்டு ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தாராம். கியோத்தோவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய சாப்பாட்டுக்கடையின் அட்டை. எங்கள் ஊருக்கு வந்தால் நீங்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மற்றவர்கள் உங்களுக்குப் பரிமாற வேண்டும் என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, 'உட்கார்ந்து' என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். அட்டையைப் பர்ஸில் வதிவிட அனுமதி அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தார். ஏழு வருடம் அது அங்கேயே இருந்தது. எதற்கும் ஆசைப்படாத மனிதர். ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

ரயிலில் இரண்டு மணி தூரத்து டீட்டிகோனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் போன வருடம் ஜப்பான் பயணப் பேச்சைத் தொடங்கினார். நாலு குடும்பம், எட்டுப் பேர். அண்ணனுக்கு எதையாவது ஒழுங்கு செய்யாவிட்டால் கை அரிக்கும். அவருடைய வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணி கேட்டார்: "எல்லாம் சரி, அங்கை சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?"

"அவர் இருக்கிறார்தானே" என்று சொன்னவள் நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். என் புருஷனின் கையைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. இதை எழுதும்போது எனக்கே என்னை அறையவேண்டும்போல இருக்கிறது.

அதற்குப் பிறகு சூட்கேஸ்கள் நிறைந்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ரைஸ் குக்கர், மின்சார அடுப்பு, பத்துக் கிலோ அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், அப்பளம். உலகத்திலேயே மிக ருசியாகச் சாப்பிடும் ஊர்களில் ஒன்றுக்கு, அரிசி விளையும் நாட்டுக்கு, நாங்கள் அரிசி கொண்டு போனோம். அண்ணி நெத்தலிக் கருவாடுகூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதே அண்ணிதான் கியோத்தோவின் கூரை போட்ட பழைய சந்தைக்குள் நுழைந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"என்னடியப்பா நாத்தம்."

அந்தச் சந்தை ஒரு நீண்ட ஒடுங்கிய சந்து. மரத் தொட்டிகளில் தவிட்டுக்குள் புதைத்த முள்ளங்கி, குச்சியில் குத்திய குட்டிக் கணவாய், எங்கள் கண் முன்னாலேயே சுருட்டிச் சுருட்டிப் போடும் முட்டை, வறுபடும் தேயிலையின் வாசம். எங்கள் ஆட்கள் அதற்குள் வேகமாக நடந்தார்கள். படமெடுத்தார்கள், ஆனால் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. என் கணவர் மட்டும் ஒரு ஊறுகாய்க் கடையில் பின்தங்கினார். ருசி பார்க்க வைத்திருந்த டர்னிப் துண்டு ஒன்றைக் குச்சியால் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அடுத்த கடையிலும் அப்படியே.

"உப்பு கொஞ்சம், புளிப்பு கொஞ்சம். பிறகு ஒரு இனிப்பு வருது, பாரும்" என்று எனக்கும் ஒன்று நீட்டினார்.

அதற்குள் அண்ணன் முன்னாலிருந்து கூப்பிட்டார். "மச்சான், நேரம் போகுது. பின்னேரச் சமையலுக்கு வெங்காயம் வேண்டவேணும்."

அந்தப் பயணத்தில் அவர் வாயில் பட்ட கியோத்தோ, நின்றபடி குச்சியால் எடுத்த அந்தச் சில துண்டுகள் மட்டும்தான்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை இருந்தது. எங்கள் மகள் அந்தக் கடைக்கு இரண்டு மாதம் முன்பே ஆங்கிலத்தில் எழுதி இரண்டு பேருக்கு இடம் பிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை. அந்த வாரத்தில் அது ஒன்றுதான் கிடைத்தது. சோயாக்கட்டியை மண்சட்டியில் மேசையிலேயே சூடாக்கித் தரும் கடை. பிக்குகள் சாப்பிடும் முறை என்பதால் மீன் சேர்ப்பதில்லை, கடற்பாசியும் காளானும் போட்டுத்தான் சாறு எடுப்போம் என்றும் பதிலில் எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கோ வெள்ளி மரக்கறி. வியாழன் பின்னேரம் அண்ணி வந்து என் கணவர் முன்னால் நின்றார். "அண்ணை, இஞ்சை எல்லாத்துக்கும் மாசிக் கருவாடு மாதிரி ஒண்டைப் போடுறாங்களாம். கடையளிலை நம்பி வாய் வைக்கேலாது. நாளைக்கு ஒரு சோறு கறி காய்ச்சிவிட்டியளெண்டால் காணும்."

"நாளைக்கு எங்களுக்கு ஒரு இடம் போகவிருக்கு" என்றேன் நான்.

"காலமை அந்தச் சிவப்பு வாசலுகளைப் பாத்திட்டுப் பத்து மணிக்குள்ளை வந்திடுவம். சாப்பிட்டிட்டு நீங்கள் உங்கடை பாட்டிலை போங்கோவன்" என்றார் அண்ணன். "மச்சான் என்ன சொல்லுறியள்?"

"ஓம், செய்யலாம்" என்றார் என் கணவர். அந்த 'ஓம்' என்ற சொல்லின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

வெள்ளி காலை எல்லோரும் மலைமேல் இருக்கும் சிவப்பு வாசல்களைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். நீரும் போய்ப் பாரும், பிறகு வந்து எனக்குச் சொல்லும் என்றார் அவர். நான் போயிருக்கக் கூடாது. நாங்கள் கிளம்பும்போது அவர் வாசம் வெளியே போகாமலிருக்க ஈரத் துவாயைக் கதவடியில் திணித்துவிட்டு, குளியலறை மின்விசிறியைப் போட்டு, அடுப்பை முகம் கழுவும் மேடைமேல் வைத்திருந்தார்.

வாசல்கள் அழகாகத்தான் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில், காட்டுக்குள் ஏறிப் போகின்றன. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் எங்களை நிறுத்திப் படமெடுத்தார். நேரமாகிறது என்று ஒன்பதரைக்குச் சொன்னேன். பத்துக்குச் சொன்னேன். "ஃபெரியனுக்குத்தானே, விடுமுறைக்குத்தானே வந்தனாங்கள், ஏன் துடிக்கிறாய்?" என்றார். தனியாக ரயிலேறி வரும் துணிச்சல் எனக்கு வரவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பும்போது பதினொன்றே முக்கால்.

அவர் சட்டை மாற்றி, தலை வாரி, தயாராக நின்றார். சோறு, பருப்பு, லீக்ஸ் வறை, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். எல்லாம் சூடாக இருந்தது. ஏன் போகவில்லை, நான் நேரே அங்கே வந்திருப்பேனே என்று கத்தினேன்.

"பசியோடை வருவினம். ஆர் போட்டுக் குடுக்கிறது?" என்றார்.

அவர்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். கடையை நாங்கள் அடைந்தபோது ஒரு மணியாகிவிட்டது. கல் பதித்த ஒழுங்கையின் முடிவில் ஒரு தாழ்ந்த மரவீடு. வாசலுக்கு வந்த பெண்ணிடம் அவர் அட்டையை நீட்டினார். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு இடுப்புவரை குனிந்தார். எங்களுக்காக ஒரு மணித்தியாலம் மேசையை வைத்துக் காத்திருந்தார்களாம். பகல் சாப்பாடு முடிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். பிந்திப் போனவர்கள் நாங்கள், மன்னிப்புக் கேட்டவர் அவர். என் கணவரும் குனிந்தார். சேர்த்துப் பிடித்த அவர் கைகளில் நகமெல்லாம் மஞ்சள். திறந்த கதவு வழியே அந்த மேசை தெரிந்தது. யன்னலோரம், தோட்டத்தைப் பார்த்தபடி, இரண்டு திண்டுகள்.

அடுத்த நாள் காலை எங்களுக்குத் தோக்கியோ ரயில்.

போன ஞாயிறு அண்ணன் வீட்டில் படங்களை டிவியில் போட்டார்கள். வாசல்கள், கோயில்கள், குளம், மறுபடி வாசல்கள். என் கணவர் எந்தப் படத்திலும் இல்லை. அவர் அப்போதும் அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்று வந்தவர்களுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். "ஜப்பான் நல்ல இடம். சாப்பாடு மட்டும் ஒண்டுக்கும் உதவாது" என்று அண்ணி மற்றவர்களுக்குச் சொன்னார். சாப்பிட்டதே இல்லை. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

"அடுத்த வருசம் கொரியா" என்றார் அண்ணன். "மச்சான் வருவார்தானே?" கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அவரைக் கேளுங்கோ" என்றேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஓம், வாறன். ஆனால் இந்த முறை எனக்கு ஒரு நாள் லீவு தாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். விடுமுறையில் போகும் மனிதன் லீவு கேட்கிறான், இவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அடுப்பை நிறுத்தினேன். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, பின்னாலேயே வந்த அண்ணியிடம் கொடுத்தேன்.

"என்ன இது, இன்னும் இருபது கிடக்கே" என்றார் அண்ணி.

"பொரியுங்கோ. நாங்கள் போறம்."

வீடு திரும்பும் ரயில் ஓல்ட்டன் தாண்டியது. அவர் மெதுவாகக் கேட்டார். "கோவமோ?"

"ஓம்."

"ஆரோடை?"

"எல்லாரோடையும். முதல்லை என்னோடை. நான்தானே அண்டைக்கு வாயைத் திறந்தனான்."

பேர்ண் வருவதற்கு முன்னால் அவர் பர்ஸைத் திறந்து, அந்த அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரங்கள் நைந்துபோயிருந்தன.

"இதை நீர் வைச்சிரும்" என்றார். "என்னட்டை இருந்தால், ஆரும் கேட்டால் குடுத்துப்போடுவன்."