கொடியில் காய்ந்த மிலிட்டரிச் சட்டை

பட்டாளத்திலிருந்து பத்து நாள் லீவில் வந்த என் மகள், ஒரு சாதாரண சுடிதாரில் ரயிலை விட்டு இறங்கினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரத்தில், "ஏன் கண்ணு, அந்த டிரஸ்ஸுல வரலையா?" என்றுதான் முதலில் கேட்டேன். நான் அப்படித்தான். மனசில் இருப்பது வாயில் வந்து விழுந்துவிடும்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ராணுவத்தில் சேர்வதற்காக அவள் விடிகாலையில் பையும் கையுமாகக் கிளம்பினாள். என் தம்பிதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கள் லைன் வீட்டுக் காம்பவுண்டில் யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் கதை கட்டியாகிவிட்டது. "அந்தப் புள்ள எவன்கூடவோ ஓடிப்போச்சு. அவங்கம்மா மிலிட்டரி மிலிட்டரின்னு சொல்லிட்டுத் திரியறா." நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள் வரைக்கும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. அப்பா இல்லாத பிள்ளை என்றால் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை மளிகைக் கடை வரைக்கும் நடந்துவிட்டு வர வேண்டும். பேசின வாய் அத்தனையும் தானாக மூடிக்கொள்ளும்.

"முடியாதும்மா," என்றாள். "டூட்டி இல்லாதப்ப அதைப் போட்டுட்டு ரோட்டுல சுத்தக் கூடாது. அதை மாட்டிட்டு நான் நின்னு பானிபூரி தின்னா, பட்டாளமே பானிபூரி தின்ன மாதிரி."

"பானிபூரி தின்ன வேண்டாம். உப்பு வாங்கிட்டு வா."

"அம்மா!"

போட்டோவாவது கம்பெனியில் காட்டுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சோறு தின்னாமல்கூடப் படுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் என் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பேர் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அழுத்தக்காரி. என் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும்?

லீவு முடிந்து நேராக வேறு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், தகரப் பெட்டியை முழுசாகத் தூக்கி வந்திருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் ரயில். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மாமனைப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் வருகிறேன் என்று வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் நான் பெட்டியைத் திறந்தேன்.

பேர்ப்பட்டையெல்லாம் கழற்றித் தனியாக வைத்திருந்தாள். சட்டை வெளுத்துத் தேய்த்து மடித்துத்தான் இருந்தது. இருந்தால் என்ன, கொடியில் போட ஒரு சாக்கு வேண்டுமே என்று துவைத்தேன். அப்போதுதான் வலது கை முட்டியில் ஒரு கிழிசலைக் கைத்தையல் போட்டு மூடியிருப்பதைப் பார்த்தேன். கோணல் மாணலாக, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஊசியில் நூல் கோர்க்கக்கூட என்னைக் கூப்பிடுகிற பெண், எங்கேயோ உட்கார்ந்து தானே தைத்திருக்கிறாள். சட்டையைக் கொண்டுபோய் எல்லாருக்கும் பொதுவான துணிக்கொடியில், நட்ட நடுவில் காயப்போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா வந்தார். அவரும் என்னைப் போலத் துணியில் பழுது தேடுகிற செக்கிங்காரர்தான், வேறு கம்பெனி. கதை கட்டினதில் அவருக்கும் பங்கு உண்டு. சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மிலிட்டரி பிரின்ட்டா அம்மிணி? எந்தக் கம்பெனி பீஸு? பழுது பீஸு விக்கற செகண்ட்ஸ் சேல்ல எடுத்தயா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு போய்விட்டார்.

எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பச்சைத் திட்டுப் பிரின்ட்டை மூட்டை மூட்டையாக அடிக்கிற ஊரே எங்கள் ஊர்தான். கைக்குழந்தை ஜட்டியிலிருந்து வாட்ச்மேன் தொப்பி வரைக்கும் அதுதான். இதை யோசிக்காமல் மெனக்கெட்டுத் துவைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க. அப்போதும் வீம்பு விடவில்லை. காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களும் பார்க்கட்டும் என்று ராத்திரி எடுக்காமல் விட்டேன்.

திங்கட்கிழமை மகளை வழியனுப்புவதற்காக நான் வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்குக் கொடிக்குப் போனேன். மிலிட்டரிச் சட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கை பட்டதும் தெரிந்துவிட்டது. மெத்தென்று இழுத்தால் நீளுகிற பனியன் துணி. என் மகளுடைய சட்டை மொடமொடவென்ற நெய்த துணி. இது வேறு யாருடையதோ!

"ஐயோ முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்தார். "இது கடைசி ரூம் ஒடிசாப் பையனோடது. இருட்டுல மாத்தி மாட்டிட்டுப் போயிருப்பான்," என்றார். அந்தத் தம்பி எங்கே வேலை செய்கிறது என்று கேட்டேன். "பிரின்டிங் கம்பெனி."

பிரின்டிங்! கையெல்லாம் சாயம், மேலெல்லாம் பெயின்ட். அக்கா வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வழி நெடுகப் புலம்பினேன். "சாயங்காலம் ரயிலு அக்கா. சட்டை இல்லாம எப்படிப் போய் நிக்கும்? எங்கன்னு கேட்டா என்ன சொல்லும்? எங்கம்மா கொடியில காயப்போட்டுத் தொலைச்சுப்போட்டான்னா சொல்லும்? வெளிய போடக் கூடாது, ரூலுன்னு தலைபாடா அடிச்சுக்கிச்சே! எம்புள்ள ரெண்டு வருஷம் சேர்த்த பேரை நான் ஒரே நாள்ல கெடுத்துப்போட்டனே!" அக்கா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வண்டியை மட்டும் வேகமாக விட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவரும் மிலிட்டரி பிரின்ட் பேன்ட்டுதான்! டீ டைம் வரை வெயிலில் நின்றோம். மணி அடித்ததும் ஆட்கள் வெளியே வந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் பச்சைத் திட்டு. நான் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். "க்யா ஹுவா, ஆன்ட்டி?" என்று பயந்து விலகினார்கள். கோணல் தையல் எதிலும் இல்லை.

கடைசியாக வந்தது எங்கள் காம்பவுண்டுத் தம்பி. உடம்பில் வெறும் கைவைத்த பனியன். என் உயிரே போய்விட்டது. ஆனால் என்னைப் பார்த்ததும் அதுவே உள்ளே ஓடி, ஒரு பாலித்தீன் கவரோடு திரும்பி வந்தது. போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் துணி கனமாக இருப்பது தெரிந்ததாம். தன்னுடையது இல்லை என்று உடனே கழற்றி, பெயின்ட் படாமல் மடித்து வைத்திருக்கிறது. "ஃபௌஜி சட்டை தம்பி, பட்டாளத்துச் சட்டை, எம்புள்ளையோடது," என்றேன். "ஃபௌஜி?" என்று கேட்டுவிட்டு, கையைப் பேன்ட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் நீட்டியது. முட்டியைத் திருப்பினேன். எறும்பு ஊர்ந்திருந்தது. அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா என்னைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

மத்தியானம் வந்த மகள் சட்டையின் மடிப்பைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். நானும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். கத்தினாள். "தொலைஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம், நான் எட்டுப் பேர் கையைப் பிடித்துத் திருப்பின கதைக்கு வந்ததும் அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "இத்தனை பாடுபட்டிருக்கற. ஊட்டுக்குள்ள ஒருக்காப் போட்டுக் காட்டறேன், பார்த்துக்கோ."

போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். எங்கள் பத்துக்குப் பத்து அறையில் அவள் தலைக்கு மேலே மிக்சி வைக்கிற ஸ்லாப். கண்ணாரப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள். மகள் சடாரென்று கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். ஒரு சாண் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா. கையில் பிளாஸ்டிக் கவருக்குள் அவர் மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட்.

"புள்ள உள்ளதான இருக்குது? போட்டுக் காட்டறேன்னது எங்கூடு வரைக்கும் கேட்டுது. வெளிய வர வேண்டாம், ரூலுன்னு தெரியும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருஷமா எங்க பாப்பாவும் மிலிட்டரிக்குப் போறேன்னு உசிரை வாங்குது. நாந்தான் வாயை அடக்கி வெச்சிருந்தேன். காலையில நீ வண்டியில அழுதயே அம்மிணி, பொய் சொல்றவ அப்படி அழமாட்டா. கண்ணு, அங்கிருந்தே சொல்லு, இந்த மார்க்கு பத்துமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது, மார்க் ஷீட்டை வாங்குவதற்கு. பச்சைத் திட்டுச் சட்டைக் கை. அக்காவின் கண் பழக்க தோஷத்தில் நேராக முட்டிக்குப் போனது.

"தையல் கோணலா இருக்குதே கண்ணு."

"ஆமாங்க பெரிம்மா. நானே தைச்சது."

அக்கா செக்கிங் டேபிளில் பழுதைக் கண்டால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுகிறவர். குனிந்து, அந்தத் தையலை விரலால் ஒரு தடவை நீவி விட்டார்.

"இருக்கட்டும். பாஸ்," என்றார். "சரி, எத்தனை ஒசரம் இருக்கோணும், அதைச் சொல்லு."