தலைவர் வரும் வரைக்கும் ஒரு பாட்டு

போன வாரம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்போது, பக்கத்து சீட்டுக்காரர் கைபேசியில் பேருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஓடுகிற பேருந்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பேருந்தை ஓட்டுவதில் என்ன சுகமோ தெரியவில்லை. எங்கள் டிரைவர் பிரேக் போட்டால் இவரும் போடுகிறார். மடியில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். “எடுத்துக்கங்க சார்” என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். “அந்த வண்டியில ரேடியோ இருக்குமே, போடுங்களேன்” என்றேன். ஆச்சரியப்பட்டுப் போட்டார். ஒரு பாட்டு விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு குறிப்பிட்ட பாட்டு அதில் இல்லை. அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் போடச் சொன்னேன். திருப்தியாக மல்லாட்டையைத் தின்றேன்.

வறுத்த மல்லாட்டை வாசனையோடு கொஞ்சம் டீசல் புகையும் சேர்ந்தால் எனக்குக் கச்சேரி ஞாபகம் வந்துவிடும். திருவிழாத் திடலில் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், மேடைக்கு முன்னால் மல்லாட்டை வண்டி, நடுவில் நாங்கள். விழுப்புரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசித்தேன். குழுவின் தலைவரை மாஸ்டர் என்போம். அவர் எதில் மாஸ்டர் என்று கடைசிவரை எங்களுக்கு விளங்கவில்லை. வேனில் முன் சீட்டு அவருடையது, மைக் செட்டு அவருடையது, மாலையும் பொன்னாடையும் அவருக்கு. கச்சேரிக்கு ஒரு பாட்டு அவரே பாடுவார், அதுதான் சகிக்காது. எங்களைத் திட்டிய நாட்களில் நான் கீபோர்டில் ஒரு பித்தானைத் தட்டி அவருடைய பாட்டுக்கு மட்டும் சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிடுவேன். உச்சத்தில் குரல் கிழிந்து மனிதர் இருமுவார். “இன்னிக்கு தொண்டை சரியில்லடா” என்பார். “ஆமாம் மாஸ்டர், பனி” என்பேன். அந்தக் காலத்தில் என் பழிவாங்கல் அந்த அளவில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்த் தலைவர் வந்து முன் வரிசையில் உட்காராமல் நல்ல பாட்டு எதையும் பாடிவிடக் கூடாது. பாடிவிட்டால், வந்ததும் “முதல்லேர்ந்து பாடுங்கப்பா” என்பார். அவரோ கூட்டம் சேர்ந்த பிறகுதான் வீட்டை விட்டே கிளம்புவார். அதுவரைக்கும் ஒப்பேற்றுவதற்கென்று நாங்களே ஒரு பாட்டு கட்டியிருந்தோம். மெட்டு என்னுடையது. வார்த்தையும் குரலும் மேரியுடையது. அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ‘தலைவர் பாட்டு’ என்போம், தலைவர் வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவோம். அதை முழுசாகக் கேட்ட ஊர் ஒன்றுகூடக் கிடையாது.

மேரிக்குப் பிறந்த ஊர் பொம்மையார்பாளையம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல். கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருக்கும், ஆனால் சுருதி அரைக்கால் கூட விலகாது. அவள் கணவர் டேனியல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எந்த ஊர்க் கச்சேரியானாலும் ஆட்டோவிலேயே அழைத்து வந்து, பிளாஸ்கில் வெந்நீரோடு மேடைக்குப் பின்னால் நிற்பார். அந்தப் பாட்டில் நடுவே ஓர் இடம் காலியாக இருக்கும். எந்த ஊரில் பாடுகிறோமோ அந்த ஊர்ப் பெயரை மேரி அதில் போட்டுக்கொள்வாள். பெருமுக்கலில் பெருமுக்கல், மண்டகப்பட்டில் மண்டகப்பட்டு. மண்டகப்பட்டை அந்தத் தாளத்துக்குள் அடக்குவதற்கு அவளால்தான் முடியும். சொந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கூட்டம் விசிலடிக்கும் பாருங்கள், அதில்தான் எங்களுக்கே உடம்பு சூடு பிடிக்கும்.

பிறகு மாஸ்டர் விழுப்புரத்தில் ஒரு ரெக்கார்டிங் ரூம் போட்டார். புது மைக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று எங்களை அழைத்தார். சினிமாப் பாட்டு வேண்டாம், அந்தத் தலைவர் பாட்டையே பாடுங்கள் என்றார். பாடிக்கொண்டே வந்த மேரி காலி இடம் வந்ததும் திகைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் ஏது ஊர்? வாசிப்பை நிறுத்தாமல் நான் தலையாட்டியதும், பொம்மையார்பாளையம் என்று தன் ஊரையே போட்டுப் பாடி, முடித்த கையோடு லேசாகச் சிரித்தாள். “எங்க ஊர்ல கச்சேரியே நடந்ததில்லண்ணே, அதான் போட்டுட்டேன்” என்றாள். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை முதல் தடவையாகக் கடைசிவரை பாடினோம்.

குழு கலைந்தது. ஒரு ஆளும் ஒரு பென் டிரைவும் இருந்தால் போதும் என்று கச்சேரிகள் மாறிவிட்டன. நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கப் போனேன். மேரி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளை அடக்கம் செய்து கொஞ்ச நாள் கழித்து, டீக்கடையில் ஒருவர் கைபேசியிலிருந்து அவள் குரல் கேட்டது. கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

அது ஒரு பேருந்து ஓட்டும் விளையாட்டு. நம் பக்கத்துத் தனியார் பேருந்துகளை அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். ரேடியோவில் போட நம் பக்கத்துப் பாட்டாக வேண்டுமென்று ஓர் இசைக் கம்பெனியிடம் உரிமம் வாங்கியிருக்கிறார்கள். அந்த மைக் சோதனைப் பதிவை இசைக் கம்பெனிக்குக் கொடுத்தவர் மாஸ்டர். பாட்டு ஓடும்போது டிரைவர் முன்னால் இருக்கிற ரேடியோவில் பெயர்கள் ஊர்ந்து போகும். இசை, மாஸ்டர். பாடியவர், மாஸ்டரின் மகள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள், இவர் மகள் கையால் பரிமாறியிருக்கிறார். பள்ளிக்கூடப் பிரார்த்தனையிலேயே இந்தப் பெண்ணை வாயசைக்க மட்டும்தான் விடுவார்கள் என்று எங்கள் குழுவுக்கே தெரியும். அதற்கும் மேல், ‘வீடியோ கேம் புகழ் பாடகி’ என்று விழுப்புரத்தில் ஒரு ஃபிளெக்ஸ். அந்தப் பேனரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது. நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல்.

திண்டிவனத்துக்கு ஓடினேன். டேனியல் ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கைபேசியை எடுத்துக் காட்டினார். அவரிடம் அந்த விளையாட்டு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அவருக்கு அதில் வண்டி ஓட்டத் தெரியாது. பேருந்து நிலையத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு ரேடியோவை மட்டும் கேட்பார். பெயர் ஊர்ந்து போகிற இடத்தில் திரை மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

“கொரலு மட்டும் போதும்ணே” என்றார்.

“உனக்குப் போதும். எனக்குப் போதாது” என்றேன்.

இசைக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பாடியது மேரி, அவள் பெயரைப் போடுங்கள், அவ்வளவுதான். ஆதாரம் கேட்டார்கள். எத்தனை திருவிழாவில் பாடியிருக்கிறோம், வீடியோ இருக்காதா என்று தேடிப் போனேன். அங்கேதான் தலையில் கை வைத்தேன். அந்தப் பாட்டு ஓடுகிற நேரத்தில் கேமரா தலைவரின் காரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மாலை, கும்பிடு, துண்டு, எல்லாம் இருக்கிறது. சத்தத்தை எடுத்துவிட்டு அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வீடியோவில் மேரியின் முழங்கை மட்டும் தெரிந்தது.

கம்பெனிக்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். பாடியவர் வீடியோ அழைப்பில் வந்து இரண்டு வரி பாடிக் காட்டட்டும் என்றார்கள். மாஸ்டர் மகள் வந்து பாடினாள். பாவம், அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை, முதல் வரியிலேயே அழுதுவிட்டாள். சளி பிடித்திருக்கிறது என்றார் மாஸ்டர். ‘உங்கள் பாடகி எங்கே?’ என்று என்னைக் கேட்டார்கள். எங்கள் பாடகி கல்லறையில் இருந்தாள். இரண்டு பக்கமும் நிரூபணம் இல்லை, கடைசியில் இரண்டே வழி என்றார்கள். புகாரைத் திரும்பப் பெற்றால் பாட்டு இப்போதிருக்கிற பெயரிலேயே இருக்கும். இல்லையென்றால் விளையாட்டிலிருந்தும் மற்ற எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவார்கள். மாஸ்டரிடமிருந்த மூலப் பதிவோ, கம்ப்யூட்டரோடு எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது.

அத்தனை நாள் பல்லைக் கடித்த நான் அந்த இடத்தில் இறங்கி வந்து, டேனியலைத் தேடி ஸ்டாண்டுக்குப் போனேன். “இருந்துட்டுப் போகட்டும் டேனியல், நீ கேட்டுக்கினு இரு” என்று அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன்.

“எடுத்துறச் சொல்லுங்கண்ணே.”

“அப்புறம் மேரி குரல் வேற எங்கயும் இல்லைடா.”

“தெரியும். ஜல்தியா எடுக்கச் சொல்லுங்க.”

அதற்குள் ஒரு நகலாவது எடுத்து வைப்போம் என்று என் கைபேசியை அவருடையதின் பக்கத்தில் கொண்டுபோனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஆட்டோ ஓட்டுகிற கை, வலித்தது.

எடுத்துவிட்டார்கள். பேனரையும் மாஸ்டரே ஆள் வைத்துக் கழற்றினார். அதை ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தேன், இன்னொரு டீயும் சொன்னேன். உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும். அன்றைக்கே போன் வந்தது.

“டேய், நம்ம பாட்டுடா அது. நீதானடா வாசிச்ச. இப்படி பேஜார் பண்ணிட்டியே, எம் பொண்ணு ரூம விட்டு வெளிய வரமாட்றா.”

“தலைவர் வந்துட்டாரு மாஸ்டர். அதான் பாட்ட நிறுத்திட்டோம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த ஒரு வசனத்துக்காகவே பிறந்தேனோ என்று தோன்றியது.

அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். டேனியல் ஒரு விள்ளல் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். ஜெயித்துவிட்டோம் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரரு இந்த கேமை ஆடிக்கினு இருந்தாருண்ணே. இந்தப் பாட்டு வந்துச்சி. மேரி எழுந்து உக்காந்துக்கினு, இது நான் பாடுனதுன்னு சொன்னா. அவரு போன்ல பேரைப் பாத்துட்டு சிரிச்சாரு. காய்ச்சல்ல ஒளறுதுன்னு நர்ஸம்மாவைக் கூப்புட்டாரு. வார்டே திரும்பிப் பாக்குது. மேரி எம் மூஞ்சியப் பாத்து, ‘ஏங்க, நான்தானங்க பாடுனேன்?’னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“எல்லாரும் பாக்கறாங்களேன்னு, பேசாம படுன்னு சொல்லிட்டேண்ணே. அப்ப சொல்லாதவனுக்கு அந்தக் கொரலு எதுக்குண்ணே?”

யாரோ மயிலம் போக வேண்டுமென்று வந்து ஏறினார்கள். டேனியல் மைசூர்பாகை டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மாஸ்டரைப் பழி வாங்கியாயிற்று. இன்னொரு தடவை வாங்கச் சொன்னாலும் வாங்குவேன். ‘ஆமாம் மேரி, நீதான் பாடினாய்’ என்று சொல்லலாமென்றால் கேட்க மேரி இல்லை. இதோ கேள் என்று யாருக்காவது போட்டுக் காட்டலாமென்றால் பாட்டும் இல்லை.