ட்விஸ்ட் தெரிந்தவர் வாங்கிய ரைபிள்

1. ஃபேக்டரி என்றால் நான்தான்

எங்கள் எஸ்டேட்டில் 'ஃபேக்டரி' என்ற சொல் யார் வாயில் வந்தாலும் அந்த வேலை என் தலையில்தான் வந்து விழும். நான் டீமேக்கர். கொழுந்தை வாட்டுவதிலிருந்து தூளைச் சலித்து மூட்டை கட்டுவது வரை தொழிற்சாலை முழுவதும் என் பொறுப்பு. அதனால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ராஜு ஒரு நாள் காலையில் வந்து நின்றபோது, பாய்லர் விஷயமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, துரை சொன்னாரு. ரைபிள் செக்‌ஷனுக்கு ஃபேக்டரி ரைபிள் ஒண்ணு செலக்ட் பண்ணணுமாம். ஃபேக்டரின்னா நீங்கதானே?"

கம்பெனி விளையாட்டுக் கழகத்தில் அப்போதுதான் ரைபிள் பிரிவு ஒன்று தொடங்கியிருந்தார்கள். உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து ஈப்போ டவுனுக்கு இறங்கி, அங்குள்ள கிளப்பின் ரைபிளை இரவல் வாங்கிச் சுட்டுவிட்டு வருவார்கள். சொந்தமாக ஒரு ரைபிள் வைத்துக்கொள்ளப் போலீஸ் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்றுதான். அதை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

'ஃபேக்டரி ரைபிள்' என்றால் கம்பெனியிலிருந்து ரெடியாக வருவது, அளவு கொடுத்துத் தனியாகச் செய்யச் சொல்லாதது. எஸ்டேட் மேனேஜரான துரை சொன்னது அவ்வளவுதான். நானோ அதைத் தேயிலை ஃபேக்டரிக்கான ரைபிள் என்று புரிந்துகொண்டேன். ராஜுவும் அப்படித்தான் புரிந்துகொண்டான். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஃபேக்டரி அது ஒன்றுதானே.

"எனக்கு இதைப் பற்றித் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் துரை என்னை நம்பிக் கேட்கிறார் என்றதும் சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நான் பாத்துக்கறேன் லா," என்றேன்.

2. மாரியின் கண்

அந்தப் பிரிவில் உண்மையிலேயே சுடத் தெரிந்தவன் லோரி டிரைவர் மாரியப்பன் ஒருவன்தான். மற்றவர்கள் சுட்டுவிட்டு ஈப்போவில் சாப்பிடுவதற்காகப் போகிறவர்கள். ரைபிளை நான் தேர்ந்தெடுக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, கொழுந்து இறக்க வந்த மாரி லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணே, நல்லதா பாத்து வாங்குங்க. அறுநூறு மீட்டர் போட்டி வருது."

"வாங்கிடலாம்டா."

அவன் போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. போட்டி முடிஞ்ச கையோட லைசென்ஸுக்கு மெடிக்கல் இருக்கு. இருட்டிட்டா எதிர வர்ற கெரெத்தா, லோரி லைட்டெல்லாம் கண்ணுல கலங்குது. கண்ணு போச்சுன்னா லோரி போச்சு, எனக்கு வேற என்னா வேலை தெரியும்? அங்க குறி விழுந்தா, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு மனசுக்கு ஒரு தைரியம்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. கம்போங் ராஜா மலைப்பாதை வளைவுகளில் அத்தனை வருடம் லோரி ஓட்டியவன். முதுகில் தட்டி, "உனக்குன்னே பாத்து வாங்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதும் தாராளம்.

3. முகர்ந்து பார்த்தேன்

ஈப்போ கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். டூ டூ த்ரீ என்ற அளவுத் தோட்டா போடும் ரைபிள்கள் இரண்டை மேசைமேல் வைத்தார். உதை குறைவு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லது என்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கனம், ஒரே கறுப்பு.

ஒரு தேயிலைக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தேன். குனிந்து முகர்ந்தேன். எண்ணெய் வாசனை அடித்தது. சப்புக்கொட்டிக் குடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை. பெரியவர் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவசரமாக உள்ளே போனாள். சிரிக்கத்தான் போனாள் என்று இப்போது தெரிகிறது.

"பாஸ், ட்விஸ்ட் எது வேணும்?" என்று கேட்டார் பெரியவர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ட்விஸ்ட்! தேயிலையில் அதைவிட எனக்குத் தெரிந்தது வேறு எது? ரோலரில் கொழுந்து நன்றாக முறுக்கேற வேண்டும். ட்விஸ்ட் இல்லாத இலையை வெறும் சருகென்று ஒதுக்கிவிடுவோம்.

"ட்விஸ்ட் நல்லா இருக்கணும்," என்றேன்.

"இது எட்டு. அது பன்னெண்டு."

"பன்னெண்டு குடுங்க."

"பன்னெண்டு ஸ்லோ லா, பாஸ். நீங்க தூரம் சுடறது தானே?"

"ஸ்லோவா ரோல் பண்ணாத்தான் முறுக்கு உடையாம வரும். எத்தனையோ வருஷமா ட்விஸ்ட் பாத்தவன் நான்."

அவர் பன்னிரண்டை என் பக்கம் தள்ளினார். "பாஸ் ரொம்ப பண்டாய்," என்றார். பண்டாய் என்றால் கெட்டிக்காரன். ஐயோ, அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

விஷயம் இதுதான். குழலுக்குள் முறுக்காக ஓடும் பள்ளங்கள்தான் தோட்டாவைச் சுழற்றி அனுப்புகின்றன. எட்டு என்றால் எட்டு அங்குலத்துக்குள் ஒரு முழுச் சுற்று. பன்னிரண்டு என்றால் அதே ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு அங்குலம். எண் பெரிதானால் முறுக்குக் குறைவு. தூரம் சுடப் போடும் நீளமான கனத் தோட்டா, வேகமாகச் சுழன்றால்தான் நேராகப் போகும். எட்டைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டை வாங்கியது, ஒரு முழம் பூவை வேண்டாமென்று சொல்லி அரை முழம் வாங்கிக்கொண்டு ஜெயித்ததாகச் சிரித்த கதை.

4. ரைபிள்தான் குருடு

கடைக்காரர் கொடுத்த லேசான தோட்டாவில் நூறு மீட்டரில் பழகினோம். அழகாகச் சுட்டது. துரைகூட என்னிடம், "குட் சாய்ஸ்" என்றார். தேயிலை முகர்ந்த மூக்கு ரைபிளையும் முகரும் என்று ராஜு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

போட்டி அன்று, அறுநூறு மீட்டருக்கென்று வாங்கிவைத்த கனத் தோட்டாவை மாரி போட்டான். பாயில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, பதமாக விசையை இழுத்தான். அட்டையில் ஒன்றும் விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. அதற்கடுத்தது ஒரு மூலையில் எங்கோ போய்ப் பட்டது. கடைசித் தோட்டா வரை அதே கதைதான்.

எழுந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, எனக்குப் பளிச்சுன்னுதான் தெரியுது. குறியும் நடுவுலதான் வச்சேன். அப்படின்னா கண்ணு பொய் சொல்லுது. நாளைக்கே சாவிய குடுத்துடறேன். வளைவுல யாரையாவது கொன்னுட்டா என்னா பண்றது?"

காற்றுதான் காரணம் என்றேன். உடனே மலைக்காற்றுக்குப் பழகிய உடம்புக்கு ஈப்போ வெயில் ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருக்கவே இல்லை. சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அப்போது ரேஞ்ச் அதிகாரி குணா, முன்னாள் ராணுவக்காரர், அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலையில் இருந்த ஓட்டை வட்டமாக இல்லை. தோட்டா படுத்தபடியே புகுந்த மாதிரி நீளமாக இருந்தது.

"கீஹோல்! குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கிட்டு வந்திருக்கு. குழல் என்னா ட்விஸ்ட்?"

"பன்னெண்டு," என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே.

"பன்னெண்டுல இவ்ளோ கனமான குண்டா? எந்த மடையன்யா செலக்ட் பண்ணான்?"

எல்லா விரலும் என் பக்கம் திரும்பின. துரையின் விரலும் அதில் இருந்தது.

மாரி மட்டும் விரலை நீட்டவில்லை. குணாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், அப்ப என் கண்ணு?"

"உன் கண்ணுக்கு என்னா லா? ரைபிள்தான் குருடு."

அவர் தன்னுடைய ரைபிளைக் கொடுத்து, அதே இடத்தில் மாரியைப் படுக்கச் சொன்னார். முதல் தோட்டா கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அடுத்தது அதை ஒட்டியே விழுந்தது. மாரி எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். சிரித்தான், அழுதான், என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தான். என் வேலைக் காலத்தில் எத்தனையோ நல்ல தூள் போட்டிருக்கிறேன். யாரும் இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. படுமுட்டாள்தனமாக ஒரு ரைபிள் வாங்கியதற்குத்தான் அது கிடைத்தது.

இந்தத் தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எவ்வளவு தூரம் சுடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தூரத்துக்கு எந்தத் தோட்டா என்று கேளுங்கள், பிறகு அந்தத் தோட்டாவுக்கு எந்த ட்விஸ்ட் என்று கேளுங்கள். தோளிலும் கன்னத்திலும் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பளபளப்பு, பெயர் எல்லாம் கடைசியில்தான். இவற்றையெல்லாம்விட, உங்களுக்குத் தெரிந்த சொல் இன்னொரு கடையில் காதில் விழுந்தால் வாயைத் திறக்காதீர்கள். அங்கே அதற்கு வேறு அர்த்தம் இருக்கும். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டால், துரை முன்னால் மடையன் பட்டம் வாங்க வேண்டியிருக்கும்.

அந்த ரைபிளை மாற்ற மறுபடியும் அனுமதிக்குக் காத்திருந்தோம். அதுவரை அது லேசான தோட்டாவோடு, கிட்டத்தில் சுடும் பிள்ளைப்பூச்சியாக ஆயுத அறையில் இருந்தது. மாரி மெடிக்கலுக்குப் போன அன்று நான் ஃபேக்டரியில் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"அண்ணே! இருட்டுல ஓட்டறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டா போதுமாம். நான் பாஸு. நீங்கதான் இன்னும் ஃபெயிலு லா!"