குப்பையில் சேர்த்த மெயில்கள்

செந்துறையில் ஒரு முந்திரி மண்டியில் மெயில் பார்ப்பது என் வேலை. கொஞ்ச நாளாக மெயில் லேசில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் நெட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அரியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் செல்வியிடம் போனில் கேட்டேன்.

"இன்பாக்ஸ்ல வருஷக்கணக்கா குவிச்சு வச்சிருக்கீங்கக்கா. திறக்கும்போது அத்தனையும் வரணும்ல. பழசையெல்லாம் வேற இடத்துக்கு மாத்திடுங்க" என்றாள்.

எங்கள் மெயில் தமிழில் இருக்கும். ஓரத்தில் 'குப்பை' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. எங்கள் வீட்டில் குப்பை என்றால் எரு. சேர்த்து வைத்து, விதைப்புக்கு முன் நிலத்துக்கு அடிப்போம். அந்த நினைப்பில் பழைய ஆர்டர், ஒப்பந்தம் எல்லாவற்றையும் அதில் போட்டேன். மெயில் சட்டென்று திறந்தது. பிறகொரு நாள் செல்வியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, அதுல போட்டது ஒரு மாசத்துல தானா அழிஞ்சிடும். எப்ப போட்டீங்க?"

"மாசம் ஆவப்போவுது."

போனை வைக்காமலே எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

இப்போது பழைய மெயில்களுக்குத் தனி ஃபோல்டர் வைத்து, மாதாமாதம் மாற்றிவிடுகிறேன். அதற்கு 'எருக்குழி' என்று பெயர். அதில் போட்டது தானாக அழியாது என்று செல்வியிடம் கேட்டுக்கொண்டுதான் வைத்தேன்.